நன்னம்பிக்கை முனையில் இருவர்



தூரதேசம் போய் வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, சுற்றிலும் அமர்ந்து கதை கேட்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். காசிக்குப் போனவர் செம்பு நிறையக் கங்கா தீர்த்தம் கொண்டுவந்து வீடுதோறும் ஒரு துளியாவது பங்கிட்டுக் கொடுத்தாலன்றி அவருடைய யாத்திரை பூர்த்தியாவதில்லை. நானும் என் மனைவியும் சென்ற புரட்டாசியில் போய் வந்த இடம் தீர்த்தமும் அன்று, க்ஷேத்திரமும் அன்று. ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், கேப் டவுன் என்னும் துறைமுகப் பட்டணத்தையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் கடற்கரைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பன்னிரண்டு நாள் கண்ணாரக் கண்டு, வாயார உண்டு வந்தோம். ஆயினும், கேட்க விரும்பி இவ்வளவு பேர் கூடியிருக்கும்போது, அங்கே கண்டவற்றில் ஒரு துளியையேனும் உங்கள் கையில் வார்ப்பது என் கடமை.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பெண்கள் பள்ளி ஒன்றில் பல வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவள். ஒரே இடத்தில் நின்று ஒரே பொருளைப் பார்த்தாலும் எங்கள் இருவர் பார்வையும் ஒன்றாக இருப்பதில்லை. செடியைக் கண்டால் அதன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று நான் யோசிப்பேன். அச்செடிக்கு நீர் வார்த்தது யார் என்று அவள் கேட்பாள். இந்தப் பிரயாணத்தில் நான் பெற்ற ஞானத்தில் பெரும்பகுதி அவளுடைய கேள்விகளிலிருந்து வந்தது என்பதை இந்தச் சபையில் சொல்லுவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

1488ஆம் ஆண்டில் பார்த்தலோமியு டயஸ் என்ற போர்ச்சுகீசிய மாலுமி கேப் டவுனுக்கு அருகே கடலுக்குள் நீளும் முனையைச் சுற்றி வந்தபோது, அங்கே வீசிய காற்றையும் எழுந்த அலையையும் கண்டு அதற்குப் புயல் முனை என்று பெயரிட்டார் என்றும், அவருடைய அரசரான இரண்டாம் ஜான் அதை நன்னம்பிக்கை முனை என்று மாற்றினார் என்றும் சொல்லுவர். அந்த நம்பிக்கை எதைப் பற்றியது என்று கேட்டால், நம்மைப் பற்றியதுதான். அந்த முனையைத் தாண்டிவிட்டால் இந்தியாவின் மிளகுக்குக் கடல்வழி திறக்கும் என்பது அவர்கள் கொண்ட ஆசை. பத்து வருஷம் கழித்து வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினார். ஆகவே, நம் கரையின் வாசனையைத் தேடிப் போனவர்கள் இட்ட பெயர் அது.

முனையை அடுத்த குன்றின் உச்சியில் ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 238 மீட்டர் உயரத்தில், எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தெரியும் என்ற எண்ணத்தில், 1860இல் அதை ஏற்றினார்கள். ஆனால் அந்த உயரத்தில் மேகம் அடிக்கடி வந்து கவிந்துகொண்டு, மாலுமிகளுக்கு எப்பொழுது வெளிச்சம் வேண்டுமோ அப்பொழுதே அதை மறைத்துவிடும். 1911இல் லூசிட்டானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் அவ்விடத்துப் பாறையில் மோதி உடைந்த பிறகு, அதைவிட மிகத் தாழ்வாக, 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கு ஒன்றைக் கட்டி 1919இல் ஏற்றினார்கள். நாங்கள் போன அன்றும் மேல்விளக்கம் மேகத்துக்குள்தான் இருந்தது. கீழே கடல் பளிச்சென்று வெயிலில் தெரிந்தது.

அங்கே வருகிறவர்களில் பலர், இரண்டு சமுத்திரங்கள் கூடும் இடம் இதுவே என்று சொல்லிக்கொண்டு படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இரு சமுத்திரங்களுக்கும் எல்லையாகக் கொள்ளும் கண்டத்தின் தென்கோடி அங்கில்லை. தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி அகுலாஸ் முனையில் இருக்கிறது. ஆயினும் அவர்கள் உணர்ச்சியில் தவறில்லை. மேற்குக் கரையோரமாக ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்துக்கும், இந்து மகா சமுத்திரத்தின் வெதுவெதுப்போடு கிழக்கிலிருந்து வரும் அகுலாஸ் நீரோட்டத்துக்கும் நடுவில் அந்த முனையில் முடியும் தீபகற்பம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில், காலையில் மேற்குக் கரையிலும் மாலையில் கிழக்கே உள்ள குடாவிலும் என் மனைவி காலை நனைத்துப் பார்த்தாள். மேற்கே கணுக்கால் மரத்துப்போயிற்று. கிழக்கே முழங்கால் வரையில் இறங்கி நிற்க முடிந்தது. அந்தப் பிரதேசத்தின் மீன்வளமும் பறவைவளமும் இந்தத் தட்பவெப்ப பேதத்திலிருந்தே பிறக்கின்றன.

நகரத்துக்குத் தலைமாட்டில் நிற்பது மேசை மலை. ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து, உச்சியில் கத்தியால் அறுத்தாற்போல் மட்டமாக இருப்பதால் அந்தப் பெயர். 1929 முதல் அதன்மேல் கம்பிவடத்தில் தொங்கும் ஊர்தி ஓடுகிறது; இப்பொழுதுள்ள ஊர்தியின் தரை மெல்லச் சுழல்வதால், நின்ற இடத்தில் நின்றபடியே கடலையும் நகரையும் பாறையையும் பிரதட்சிணம் செய்துவிடலாம். தென்கிழக்குக் காற்று வீசும்போது, கடலின் ஈரத்தைச் சுமந்த காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து வெண்மேகமாகி, மேசைமேல் விரித்த துணிபோலப் படர்ந்து, நகரத்துப் பக்கமாக விளிம்பு வழியே வழிகிறது. வழிகிற மேகம் கீழே வந்து சேர்வதில்லை; இறங்க இறங்க வெப்பமடைந்து பாதி வழியிலேயே கரைந்துபோகிறது. விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாத அந்த அருவியை, உணவு விடுதியின் வாசலில் நின்றபடி, சாப்பாட்டையும் மறந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மலைமேலே நடந்தபோது எனக்கு வேறொரு மயக்கம். உலகத்துத் தாவரங்களை ஆறு பெரும் ராஜ்யங்களாகப் பிரிப்பது தாவரவியலார் மரபு. அவற்றுள் ஒன்று வட பூமியின் பெரும்பகுதியை ஆள்கிறது. மற்றொன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியையும் நம் இந்தியாவையும் தன்னுள் அடக்குகிறது. ஆறாவது ராஜ்யம் இந்த ஒரு மூலை மாத்திரமே. ஆனால் அந்தச் சிறு மூலையில் சுமார் 9,000 வகைத் தாவரங்கள் உண்டு. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை பூமியில் வேறெங்கும் தாமாக வளர்வதில்லை. பெரிய விருட்சங்களை அங்கே காண்பது அரிது. இடுப்பளவு, தோளளவு உயரமுள்ள, இலை சிறுத்த புதர்களே எங்கும். டச்சுக்காரர் வாக்கில் அதற்கு ஃபைன்போஸ், அதாவது நுண்புதர் என்று பெயர். அந்தப் புதர்க் காட்டுக்குத் தீயே தாய். பத்து இருபது வருஷத்துக்கு ஒருமுறை எரிந்தால்தான் அது புத்துயிர் பெறுகிறது. சில இனங்கள் விதைகளைக் கூம்பில் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்து, தீ வந்து சுட்ட பிறகே திறந்து உதிர்க்கின்றன. வேறு சிலவற்றின் விதையில் எறும்புக்குப் பிரியமான கொழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு அந்த ருசிக்காக விதையைப் புற்றுக்குள் இழுத்துப் போய், கொழுப்பைத் தின்றுவிட்டு, விதையைத் தீயும் எலியும் தொடாத ஆழத்தில் விட்டுவிடுகிறது. முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான். அங்கே தீப்பட்டுக் கரிந்த ஒரு சரிவில், சாம்பலினூடே விரல் நீளம் முளைத்திருந்த புரோட்டியாக் கன்றைப் பிரத்தியட்சமாகக் கண்டபோது, மண்டியிட்டு அதன் இலையைத் தொட்டேன்.

மலையின் கிழக்குச் சரிவில் கிர்ஸ்டன்போஷ் என்னும் தாவரத் தோட்டம் 1913இல் தோன்றியது. உள்நாட்டுச் செடிகளை மாத்திரமே போற்றி வளர்க்கும் அத்தோட்டத்தில், தேன்சிட்டுகள் பூவுக்குப் பூ தாவுகையில் நீர்த்தாரையின் ஓசையைத் தவிர வேறு ஓசை கேட்பதில்லை. அங்கே ஒரு பழைய வேலி இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1652இல் வந்திறங்கிய யான் வான் ரீபெக் என்ற தளபதி, குடியேற்றத்தின் எல்லையாக 1660இல் காட்டு வாதுமைச் செடிகளை நட்டு எழுப்பிய வேலி. அதன் சில பகுதிகள் இன்றும் உயிரோடு, மலைப்பாம்புகள் பிணைந்து கிடப்பதுபோல் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கின்றன. மூன்றரை நூற்றாண்டுகளாகத் தழைத்து வரும் அந்தப் புதரின் ஜீவசக்தியை நான் வியந்துகொண்டிருந்தபோது, என் மனைவி கேட்டாள்: "வேலின்னா ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. வெளியே நின்னது யாருங்க?"

வெளியே நின்றவர்கள் கொய்கொய் என்னும் ஆயர் மக்கள். அவர்களுடைய மாடுகளும் ஆடுகளும் பரம்பரையாக மேய்ந்த புல்வெளிகளைத்தான் கம்பெனி தன் கோதுமைக்கும் திராட்சைக்கும் எடுத்துக்கொண்டு, அவர்கள் வராதபடி முள்ளும் மரமும் கொண்டு எல்லை கட்டியது. செடியின் பெயர்ப்பலகையில் நான் படித்தது அதன் லத்தீன் நாமத்தை. என் மனைவி படித்தது அதன் சரித்திரத்தை.

அடுத்து, நான் நெஞ்சில் வைத்துப் போற்றும் ஜீவன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைமன்ஸ் டவுன் என்ற சிறு கடற்படை ஊரை ஒட்டி, யானைகள் படுத்தாற்போன்ற உருண்டைப் பாறைகளுக்கு நடுவே, போல்டர்ஸ் என்னும் கடற்கரை இருக்கிறது. பெங்குவின் என்றாலே பனிக்கட்டியை நினைக்கும் நமக்கு, வெயில் காயும் வெண்மணலில், வீடுகளின் கொல்லைப்புறத்தில், முழங்கால் உயரமுள்ள அந்தப் பறவைகள் கறுப்புச் சட்டைக்கு மேல் வெள்ளை அங்கவஸ்திரம் தரித்தவர்போல் நடமாடுவது பெரும் விந்தை. 1982இல் இரண்டே இரண்டு இணைகள் எங்கிருந்தோ வந்து அங்கே கூடு கட்டின; அந்த இரண்டு இணைகளின் குடித்தனம் பெருகி ஒரு பேட்டையாயிற்று. ஆணும் பெண்ணும் ஆண்டுதோறும் தம் பழைய துணையையே தேடி வந்து சேரும். இரண்டு முட்டையிட்டு, ஏறக்குறைய நாற்பது நாள், ஒன்று அடைகாக்க மற்றது கடலுக்குப் போய் இரை தேடும். பிறகு முறை மாறும். கடலிலிருந்து திரும்பி வந்த ஒன்று, புதரடியில் காத்திருந்த தன் இணையின் எதிரே நின்று, கழுத்தை நீட்டி, கழுதை கத்துவதுபோல் உரக்கக் கத்திற்று. இனிமையான குரலன்று, ஆயினும் அதைக் கேட்ட மற்றது எழுந்து நின்று தலையசைத்த அன்பை எந்தக் குயிலின் பாட்டிலும் நான் கேட்டதில்லை.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் மேற்குக் கரைக்கு அப்பால் மூழ்கி, அதன் எண்ணெய் பெங்குவின்கள் வாழும் இரண்டு தீவுகளைச் சுற்றிப் படர்ந்தது. எண்ணெய் பட்ட இறகில் நீர் புகுந்துவிடும். குளிரால் பறவை சாகும். எண்ணெயில் தோய்ந்த 19,000 பறவைகளைப் பிடித்து வந்து, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பழைய பட்டறை ஒன்றில் அடைத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கழுவி, கையால் மீன் ஊட்டிக் காப்பாற்றினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,000க்கு மேற்பட்டவற்றை என்ன செய்வது? அவற்றை வண்டிகளில் ஏற்றி, கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டருக்கு அப்பால், அன்று போர்ட் எலிசபெத் என்று வழங்கிய நகரின் அருகே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். பறவைகள் தம் வீட்டை நோக்கி நீந்தி வரும். வருவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது அவர்கள் யுக்தி. மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரும் இட்டு, செயற்கைக்கோளின் மூலம் அவை எங்கே வருகின்றன என்று நாள்தோறும் அறிவித்தபோது, அந்தத் தேசமே காது கொடுத்துக் காத்திருந்தது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் பீட்டர் தன் தீவுக்கு வந்து சேர்ந்தான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காத்த இனம் இன்று பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவாகச் சுருங்கி, 2024இல் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் ஏறிவிட்டது. அவை உண்ணும் மத்தியும் நெத்திலியும் கடலில் போதிய அளவு இல்லை. எண்ணெயைக் கழுவலாம்; பட்டினியைக் கழுவ முடியாது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஹெர்மானஸ் என்ற ஊரில் திமிங்கிலங்களைக் கண்டதைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அது சொல்லுக்குள் அடங்குவதாக இல்லை. தென்துருவக் கடலிலிருந்து ஆனியில் வந்து கார்த்திகை வரையில் தங்கி, கன்று ஈன்று பாலூட்டும் அந்தப் பேருயிர்களைக் காண்பதற்குப் படகும் வேண்டாம்; கரையோரப் பாறையில் உட்கார்ந்தால் போதும். மந்தமாக நீந்துவதாலும், கொன்றால் மிதப்பதாலும், கொழுப்பு மிகுந்திருப்பதாலும், வேட்டையாடத் தகுந்தது என்ற பொருளில் அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெயரே வைத்தார்கள் என்பர்; பூண்டோடு அழிக்கும் அளவுக்குக் கொன்று, பிறகு 1935இல் சர்வதேசப் பாதுகாப்பு அளித்தார்கள். எங்களுக்கு முன்னே ஒரு தாய், சிறு படகளவு இருந்த தன் கன்றை முதுகின்மேல் ஏந்தி மூச்சு வாங்க வைத்தது. என் மனைவி அருகில் நின்ற முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனித் திராட்சை மதுவைப் பற்றி. நம் நாட்டில் மது என்ற சொல்லைக் கேட்டவுடனே, கூலிப் பணத்தை வீட்டுக்கு வரவிடாத சாராயக் கடைதான் மனத்தில் எழுகிறது. அந்த நினைவு நியாயமானது. அந்தத் தேசத்தில் நல்ல மதுவைச் சிறிய அளவில், ஆகாரத்தோடு, நாம் சங்கீதம் கேட்பதுபோல் நிதானமாகச் சுவைப்பது ஒரு கலை. நாங்களும் அவ்வாறே சுவைத்தோம். அதைச் சபையில் மறைப்பது முறையாகாது.

கம்பெனியின் கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் கிழக்குத் தேசங்களுக்கும் நடுவே தங்கிக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக்கொள்வதற்காக எழுந்த குடியேற்றம் அது. கொடிகளை வரவழைத்து நட்ட வான் ரீபெக், 1659ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, கேப் பிரதேசத்துத் திராட்சையிலிருந்து முதல் முதலாக மது பிழியப்பட்டது என்று கடவுளுக்கு நன்றி கூறித் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவருக்குப் பிற்காலத்தில் வந்த ஆளுநர் சைமன் வான் டர் ஸ்டெல், 1679இல் தம் பெயரால் ஸ்டெல்லன்போஷ் என்ற ஊரை நிறுவி, 1685இல் மேசை மலைக்குப் பின்புறம் கான்ஸ்டான்ஷியா என்ற பெருந்தோட்டத்தையும் அமைத்தார். அந்த ஆளுநரின் தாயைப் பெற்றவள் ஓர் இந்தியப் பெண் என்பது பலர் அறியாத செய்தி.

கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு மது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரண்மனைகள் எல்லாம் விரும்பிய பொருள். செயிண்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு அது கப்பலில் போயிற்று. ஜேன் ஆஸ்டின் எழுதிய ஒரு நாவலில், காதல் முறிந்த பெண்ணுக்கு அதுவே மருந்தாக வருகிறது. பிறகு ஃபிலாக்ஸெரா என்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி வேரைத் தின்று கொடிகளை மாய்க்க, அந்த மதுவும் மறைந்தது. நூறு வருஷம் கழித்து, 1986ஆம் ஆண்டின் அறுவடையிலிருந்து அதை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். கொடியிலேயே வற்றி உலரும் வரையில் விட்டுவைத்த மஸ்கட் பழத்தின் ரசம் அது. பொன்னிறமாக, சிறு கிண்ணத்தில் வந்தது. முதல் துளியில் தேன். அடுத்து நாரத்தைத் தோலின் மெல்லிய கசப்பு. விழுங்கிய பிறகும் நெடுநேரம் உலர்ந்த பழத்தின் மணம்.

ஸ்டெல்லன்போஷில் நான் தேடிப் போனது வேறொரு மதுவை. 1925இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட், பினோ நுவார் என்னும் நோஞ்சான், ஆனால் உயர்ந்த ரகத்தின் பூவையும், அவ்வூரில் ஹெர்மிடேஜ் என்று வழங்கிய, வெயில் தாங்கும் முரட்டு ரகத்தின் மகரந்தத்தையும் சேர்த்தார். கிடைத்தவை நான்கே விதைகள். அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிவிட்டு, சில வருஷத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட, தோட்டத்தைச் செப்பனிட வந்தவர்கள் களையென்று பிடுங்கி எறிய இருந்த நாற்றுகளை, தற்செயலாக அவ்வழியே வந்த ஓர் இளம் விரிவுரையாளர் தடுத்துக் காப்பாற்றினார் என்று அங்கே இன்றும் சொல்லுகிறார்கள். பினோவின் முதலும் ஹெர்மிடேஜின் ஈறும் கூடிப் பினோட்டாஜ் என்ற பெயர் பிறந்தது. 1961இல்தான் அப்பெயர் புட்டியின்மேல் அச்சாகிக் கடைக்கு வந்தது. மகரந்தச் சேர்க்கையைப் பாடமாக நடத்தியவனுக்கு, அதன் பலனை நாவில் ஏந்துவது கிடைத்தற்கரிய பாக்கியம். புகையும் நாவற்பழமும் கலந்த கருஞ்சிவப்பான அந்த மது, தீயில் வாட்டிய ஆட்டிறைச்சியோடு நன்றாகச் சேர்ந்தது.

அதே ஊரின் பக்கத்தில் வெர்கெனுக்ட் என்ற தோட்டத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட வாத்துகள், புட்டிகள் எழுந்து ஓடுவதுபோல் நிமிர்ந்த கழுத்தோடு, ஒரே படையாகக் கொடிகளுக்குள் புகுந்து, தளிரைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்குகின்றன. விஷமருந்து தெளிப்பதற்கு அது மாற்று. இந்திய ஓட்ட வாத்து என்று அந்த இனத்துக்குப் பெயர். பிறந்தகம் என்னவோ இந்தோனேசியத் தீவுகள். அந்த ஊர்வலத்தைக் கண்டு என் மனைவி பள்ளிப் பிள்ளைகள் வரிசையைப் பார்த்ததுபோல் மகிழ்ந்தாள்.

அன்று பிற்பகல் மற்றொரு பழைய தோட்டத்துக்குப் போனோம். சுண்ணாம்பு பூசிய வெண்சுவரும், அலைபோல் வளைந்த முகப்பும், ஓலைக்கூரையும், பின்னணியில் நீலமலையுமாகச் சித்திரம்போல் இருந்த அந்த வீட்டின் முற்றத்தில், தனியே எழுப்பிய வெள்ளை வளைவு ஒன்றில் பெரிய வெண்கல மணி தொங்கியது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மணியோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள் என் மனைவி. வழிகாட்டியிடம் போய், "இதை யாருக்காக அடிச்சாங்க?" என்று கேட்கும்படி என்னிடம் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த இளைஞர் சற்றுத் தயங்கி, "அடிமைகளுக்காக" என்றார். விடியும் முன் எழுப்பவும், இருட்டிய பிறகு நிறுத்தவும் அடித்த மணி.

அந்தத் தோட்டங்களில் கொடி நட்டதும், கவாத்துச் செய்ததும், கூடை சுமந்ததும், பழத்தை மிதித்ததும் அவர்களே. 1652 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் சுமார் 63,000 பேர் கேப்புக்கு அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களோடு, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள். வங்காளத்தவர் உண்டு, மலையாளத்தவர் உண்டு, நம் சோழமண்டலக் கரையினரும் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அந்தக் கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்தன; பஞ்சம் வந்த வருஷங்களில் தஞ்சைச் சீமையின் மக்கள் உணவுக்காக விலைபோனார்கள். பெயரை மாற்றி, வந்த ஊரைப் பின்னால் ஒட்டி, சோழமண்டலத்து இன்னான், கரையிலிருந்து வந்த இன்னாள் என்று ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள். பலருக்கு அந்தப் பெயரும் இல்லை. மாதத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள். எங்களுக்கு வண்டி ஓட்டிய முதியவரின் குலப்பெயர் ஒரு மாதத்தின் பெயர்தான் என்பதை, முதல் நாள் கேட்டுச் சிரித்த நாங்கள், அன்று மாலை அதன் பொருளை அறிந்தபோது, அவர் முகத்தைப் பார்க்க நாணினோம்.

1834 டிசம்பர் முதல் தேதி விடுதலை என்று அறிவித்து, பழகுவேலை என்ற பெயரில் மேலும் நான்கு வருஷம் பிடித்து வைத்து, 1838இல் விட்டார்கள். அதன் பிறகும் தோட்டத் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்கை மலிந்த மதுவாகவே, நாளொன்றுக்குப் பலமுறை ஊற்றிக் கொடுக்கும் டாப் என்ற முறை நின்றபாடில்லை. சட்டம் தடுத்த பின்பும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் பல இடங்களில் நடந்தது. தாயின் குடியால் கருவிலேயே மூளை வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அந்தத் திராட்சைப் பிரதேசம் ஒன்று. நம் சாராயக் கடையை நினைத்துத் தயங்கினேனே, அதே சாராயக் கடை அங்கே கொடிப்பந்தலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்று மாலை எங்கள் மேசைக்கு வந்த மதுவை நாங்கள் மறுக்கவில்லை. குடித்தோம், ஆனால் பேச்சு எழவில்லை.

மறுநாள், நகரத்தின் நடுவில், 1679இல் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டிய கட்டடத்துக்குப் போனோம்; இன்று அது அருங்காட்சியகம். அருகிலுள்ள சதுக்கத்தில், 2008இல் நாட்டிய பதினொரு கருங்கல் மேடைகளில் அவர்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில், எந்த மரத்தின் நிழலில் மனிதரை ஏலம் போட்டார்களோ அந்த மரம் நின்ற இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. மரத்தின் பெயரை நான் கேட்கவில்லை. என் மனைவி குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் போய், பள்ளியில் வருகைப் பதிவேடு படிப்பதுபோல் பெயர்களை மெல்லிய குரலில் வாசித்து வந்தாள்.

அன்று இரவு போ-காப் என்ற பேட்டையில் ஆகாரம். மலைச்சரிவில் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசிய சிறு வீடுகள். 1794இல் எழுந்த, அந்நாட்டின் முதல் மசூதியும் அங்கேதான். அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்த முஸ்லிம்களின் சந்ததியார் வாழும் இடம் அது. வந்தவர்க்குச் சமைத்துக் காட்டி உணவளிக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் எங்களுக்கு இடம் சொல்லியிருந்தார் வண்டிக்காரர். அங்கே மேசையில் மது கிடையாது. கொத்திய இறைச்சியை மசாலாவில் வதக்கி, உலர்ந்த திராட்சை சேர்த்து, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, நறுமண இலை செருகிச் சுட்டெடுத்த பொபோட்டி என்னும் பண்டமும், மஞ்சள் சோறும், அச்சாரும் வந்தன. இத்தனை நாளும் உண்டவற்றில் சிறந்த மீனும் உண்டு, பிரெஞ்சு முறையில் சமைத்த உயர்ந்த விருந்தும் உண்டு. இந்தச் சோற்றில் கை வைத்தபோதுதான் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

என் மனைவி முதல் கவளத்தை வாயில் வைத்தவள், அதை விழுங்காமல் சற்று நேரம் இருந்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். நானும் பின்னே போனேன். அந்த மூதாட்டி மசாலா டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். இவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, மஞ்சள் என்றாள். அவர் போரி என்றார். சீரகம் என்றாள், ஜீரா என்றார். கொத்தமல்லியையும் சோம்பையும் இருவரும் முகர்ந்து பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். எல்லாம் அரைத்துக் கலந்த பொடியை எடுத்துக் காட்டி, அவர் "கெரி" என்றார். என் மனைவி, "கறி" என்றாள். அவர் திரும்பச் சொல்லச் சொல்லிக் கையசைத்தார். இவள் திரும்பச் சொன்னாள். அந்த வல்லின றகரம் அவர் நாவில் படியவில்லை. மூன்றாவது முறை ஏறக்குறைய வந்தது. உங்கள் முன்னோர் எந்த ஊரார் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பாட்டிக்குப் பாட்டி கப்பலில் வந்தவள். அதற்கு மேல் எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு, என் மனைவியின் தட்டை வாங்கி, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார்.